பச்சை நின்று எரிந்தால் இறங்கலாம்

திரும்பி நிற்கும்படி டாக்டர் விரலைச் சுழற்றிக் காட்டினார். மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கிளினிக். தனியார் விமானி உரிமத்துக்கு வேண்டிய இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையில் காதுக்கு இப்படி ஒரு சோதனை உண்டு. அவர் 2 மீட்டர் தள்ளி நின்று சாதாரணக் குரலில் ஏதாவது சொல்வார். நாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் திரும்பினேன். எதிரே மருந்து அலமாரி. அதன் கண்ணாடிக் கதவில் டாக்டரின் வாய் நன்றாகத் தெரிந்தது. ‘தீகா பூலோ தூஜோ.’ மலாயில் முப்பத்தேழு.

எனக்கு 11 வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது இரண்டு காதும் போயிருந்தன. அதுவரை தமிழ்ப்பள்ளியில் படித்ததால் தமிழ் மட்டும் காது வழியாக வந்த மொழியாக என்னிடம் தங்கிவிட்டது. அப்புறம் படித்த ஆங்கிலம், சைகைமொழி எல்லாம் கண் வழியாக வந்தவை. உதடு படிப்பது எனக்குக் கைவந்த கலை. முப்பத்தேழு என்று சொல்லிவிட்டு அடுத்த சோதனைக்குப் போயிருக்கலாம்.

சொல்லவில்லை. அலமாரியைச் சுட்டிக் காட்டினேன். டாக்டருக்குப் புரிந்தது, சிரித்தார். பிறகு படிவத்தில் என்ன எழுத வேண்டுமோ அதை எழுதிவிட்டார்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பறக்க ஆசைப்பட்டு என்னிடம் விசாரிக்கும் பிள்ளைகளில் பலர், “எப்படியாவது சமாளிச்சிடலாமா அண்ணே?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். படிவத்தில் ஒரு பொய் இருந்தால் உரிமம் போய்விடும், இன்ஷூரன்சும் கைவிட்டுவிடும். அது கிடக்கட்டும். நமக்குக் காது கேட்காது என்பது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தால் அதற்கு வழி இருக்கிறது. கேட்கும் என்று நம்பி அவர் ஒன்று சொல்ல, நாம் பாட்டுக்கு வேறு பக்கம் திரும்பினால்தான் ஆள் சாவது.

எங்கள் வீடு சுங்கை ஆராவில். வேலை பாயான் லெப்பாசில் சில்லு செய்யும் தொழிற்சாலை ஒன்றில், ஷிஃப்ட் கணக்கு. இரவு ஷிஃப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போகாமல் பெர்மாத்தாங் டாமார் லாவுட் பக்கம் மோட்டாரை விட்டுவிடுவேன். பினாங்கு விமான நிலையத்தின் 3,352 மீட்டர் ஓடுபாதை அந்தப் பக்கம்தான் கடலைப் பார்த்து முடிகிறது. தலைக்கு மேல் விமானம் போனால் நெஞ்செலும்பு அதிரும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறும் வழியில் உறுமிக்காரர்கள் பக்கத்தில் நின்றால் வயிற்றுக்குள் ஒரு அதிர்வு வருமே, அதேதான். எனக்கு இரண்டும் ஒரே ருசி.

காது கேளாதவர் யாராவது விமானம் ஓட்டியிருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தது அந்தக் கடற்கரையில்தான். முதலில் கிடைத்த பெயர் கால் ராட்ஜர்ஸ். அமெரிக்காவைக் குறுக்காக விமானத்தில் கடந்த முதல் ஆள். 1911 செப்டம்பர் 17 நியூயார்க்கில் கிளம்பி, நவம்பர் 5 கலிபோர்னியாவின் பசடீனாவில் இறங்கினார். 49 நாள். வழியெல்லாம் விழுந்து, உடைந்து, ஒட்டுப்போட்டுக்கொண்டே போயிருக்கிறார். சின்ன வயதுக் காய்ச்சல் ஒன்றில் அவருடைய செவித்திறன் பெரும்பாலும் போயிருந்தது. அடுத்து நெல்லி வில்ஹைட். தெற்கு டக்கோட்டாக்காரர், சிறு குழந்தையாக இருந்தபோது அம்மையில் காது போனவர், 1928இல் விமானம் ஓட்டக் கற்றார். இவர்கள் காலத்துச் சின்ன விமானங்களில் ரேடியோ கிடையாது. இரைச்சலில் யாருக்குமே ஒன்றும் கேட்காது. அதனால் இவர்களுக்குக் கேட்காததும் ஒரு பொருட்டாக இல்லை. விமானத்துக்குள் ரேடியோ ஏறிய பிறகுதான் நம்மை இறக்கிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆனால் முழுக்க இறக்கிவிடவில்லை. அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏ, காது கேளாதவருக்கும் மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று தருகிறது. அதில் ஒரே ஒரு வரி கூடுதலாக இருக்கும். ரேடியோ தேவைப்படும் பறப்புக்கு இது செல்லாது. அவ்வளவுதான். அந்த வரியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. ‘காது கேளாதவன் பறக்கலாமா’ என்றே இத்தனை நாள் எல்லாரிடமும் கேட்டிருந்தேன். ‘எந்தெந்தப் பறப்புக்கு ரேடியோ வேண்டும்’ என்றல்லவா கேட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள விமான நிலையங்கள் 500 சொச்சம். கோபுரமே இல்லாத சின்ன ஓடுபாதைகள் பல ஆயிரம். அங்கே எல்லாரும் கண்ணால் பார்த்து, வரிசையில் சேர்ந்து இறங்குகிறார்கள். ரேடியோவில் ‘இதோ வருகிறேன்’ என்று சொல்வது நல்ல பழக்கம், அவ்வளவே. சொல்லியே ஆக வேண்டும் என்ற சட்டம் இல்லை.

நம் நாட்டுக் கணக்கு வேறு. பாயான் லெப்பாசிலும் கோபுரம், கோலாலம்பூர் பக்கத்துச் சுபாங் விமான நிலையத்திலும் கோபுரம். ரேடியோவில் பேசிப் பறப்பவருக்கு ஆங்கிலத்தைப் பேசவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் தெரிகிறதா என்று உலக விமானத்துறை அமைப்பு வைத்திருக்கும் தேர்வில் நான்காம் நிலையாவது வாங்க வேண்டும். என் பேச்சை அம்மாவுக்கே சில நாள் புரியாது. அதனால் அமெரிக்காவுக்கே போய்க் கற்பது என்று முடிவு செய்தேன்.

இடையில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். கோலாலம்பூரில் ஒரு ஏஜென்ட், “ஓகேயு அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) இருந்தால் தனி வழி இருக்கிறது” என்று சொல்லி முன்பணம் வாங்கினார். தனி வழி என்று எதுவும் இல்லை. பணம் பாதிதான் திரும்பி வந்தது. ஆகவே என் வரிசையைச் சொல்கிறேன். முதலில் மருத்துவச் சான்று. அது கைக்கு வந்த பிறகு பள்ளி, பள்ளி சேர்த்துக்கொண்ட பிறகு விசா. இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்பவர் யாராக இருந்தாலும் தே தாரிக் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மருத்துவச் சான்றிலேயே எனக்கு மாதங்கள் ஓடின. காரணம் காது இல்லை, மூளைக்காய்ச்சல். அது காதோடு சேர்த்து உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பையும் தின்றுவிடும். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான். இருட்டில் நடந்தால் சுவரைத் தடவுவேன். இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் கேலடெட் கல்லூரியைச் சேர்ந்த காது கேளாத 11 பேரை வைத்துப் பல வருடம் ஆராய்ச்சி செய்தன. ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் மூளைக்காய்ச்சலில்தான் காது போயிருந்தது. சுழலும் அறையில் போட்டார்கள், புயல் கடலில் கப்பலில் ஏற்றினார்கள். ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள் வாந்தி எடுத்துக் கிடக்க, இந்தப் பதினொரு பேரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்களாம். எனக்கும் லங்காவிக்குப் போகும் படகில் ஒருநாளும் குமட்டியதில்லை. இருந்தாலும் தலைசுற்றல் வருமா, வராதா என்பதற்கு எஃப்ஏஏக்காரர்கள் தனியாகக் காகிதம் கேட்டார்கள். காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் போய் முழு சமநிலைப் பரிசோதனை செய்து அனுப்பினேன். உங்களுக்கும் காது போன காரணம் மூளைக்காய்ச்சல் என்றால் அந்தக் காகிதத்தை அவர்கள் கேட்கும் முன்பே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

விசா, விரல் ரேகை, வெளிநாட்டவர் விமானம் ஓட்டக் கற்பதற்கு அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அனுமதி, எல்லாம் அலுப்பான கதை. சுற்றுலா விசாவில் போய் முழுப் பயிற்சி எடுக்க நினைக்காதீர்கள் என்பதோடு அதை விட்டுவிடுகிறேன். செலவு? ஒரு புது மைவி காரின் விலையைத் தாண்டியது. அக்கா தன் தாலிக்கொடியைத் தவிர மற்றதையெல்லாம் அடகு வைக்கத் தயாராக இருந்தாள். வேண்டாம் என்றேன், ஆனாலும் ஒரு ஜோடி வளையல் போய்த்தான் வந்தது.

கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில், பாதாம் தோப்புகளுக்கு நடுவில், கோபுரம் இல்லாத ஒரு சின்ன ஓடுபாதை. விமானம் செஸ்னா 152. இரண்டே பேர் உட்காரலாம், அதுவும் தோளோடு தோள் இடிக்கும். என் பயிற்றுநர் அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. நான் ‘டீச்சர்’ என்றே கூப்பிட்டேன், அவருக்கும் பிடித்துப்போனது. அவருக்கு சைகைமொழியில் ஒரு சொல்லும் தெரியாது. இதற்கு முன் காது கேளாத மாணவரைப் பார்த்ததும் இல்லை.

முதல் வாரம் கந்தரகோலம். அவர் ஏதோ சொல்கிறார் என்று தெரிந்தால் என் கழுத்து தானாகத் திரும்பிவிடும். ஆயுள் முழுக்க அப்படிப் பழகியவன். தரையிறங்க 100 அடி இருக்கும்போது அவர் வாயைப் பார்த்தேன். பார்த்த அந்த இரண்டு விநாடியில் மூக்கு தாழ்ந்து, வேகம் ஏறி, சக்கரம் தரையில் பட்டதும் விமானம் தவளை மாதிரி மூன்று தடவை குதித்தது. டீச்சர் கைப்பிடியைப் பிடுங்கி மறுபடி மேலே ஏற்றினார். இறங்கிய பிறகு இருவரும் விமானக் கொட்டகையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சட்டம் போட்டோம்.

என் முகம் எந்தக் காரணத்துக்காகவும் அவர் பக்கம் திரும்பக் கூடாது. அவருடைய கைதான் என் பார்வைக்குள் வர வேண்டும், அதுவும் கருவிப் பலகைக்கு மேலே, கண்ணாடிக்குக் கீழே. உள்ளங்கை கீழ்நோக்கினால் மூக்கை இறக்கு. மேல்நோக்கினால் ஏற்று. முஷ்டியை முன்னே தள்ளினால் எஞ்சினைக் கூட்டு. ஒரு விரலால் வேகமானியைத் தட்டினால், ‘அதைப் பார், தப்பு உன்னுடையது.’ என் வலது தோளில் இரண்டு தட்டு தட்டினால் விமானம் இனி அவருடையது, நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். கை தூக்காவிட்டால் நான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். மொத்தம் பதினாலு சைகை. விளக்கம் எல்லாம் தரையில், வெள்ளைப் பலகையில், கிளம்பும் முன்பே. மேலே போனால் நினைவூட்டல் மட்டும். புதிதாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் விமானத்தை நேராக, மட்டமாக வைத்துவிட்டு அவர் கையில் வாங்கிக்கொள்வார், அப்புறம்தான் நான் திரும்பலாம். மற்ற மாணவர்களுக்கு மேலே போய்ச் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம் என்ற சோம்பல் தனக்கு இருந்ததாகவும், என்னால் அது போனதாகவும் டீச்சர் பிற்பாடு எழுதிக் காட்டினார்.

இந்த ஏற்பாடு இரவில் கவிழ்ந்தது. உரிமத்துக்குக் குறைந்தது 3 மணி நேரம் இரவில் பறந்திருக்க வேண்டும். இருட்டுக்குப் பழகிய கண் கெடாமல் இருக்கச் சிவப்பு டார்ச் வைத்துக்கொள்வார்கள். டீச்சர் ஒரு சின்னப் பலகையில் குறிப்புகளை எழுதி என் தொடையில் கட்டிவிட்டிருந்தார். மேலே போய் சிவப்பு டார்ச்சை அடித்தால் பலகை வெறுமையாக இருக்கிறது. ஒரு எழுத்தும் இல்லை. அவர் எழுதியது சிவப்பு மார்க்கரில்! சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு எழுத்து மறைந்துபோகும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கறுப்பில் எழுதுங்கள். அதோடு ரப்பர் வாரில் கட்டிய ஒரு சின்ன விளக்கை அவர் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார், கை சைகை மறுபடி தெரிந்தது.

காது இல்லாமல் எஞ்சினை எப்படிப் புரிந்துகொள்வாய் என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். நான் மெல்லிய அடிப்பாகம் உள்ள காலணிதான் போடுவேன். கிளம்பும் முன் செஸ்னா 152இன் எஞ்சினை நிமிஷத்துக்கு 1,700 சுற்றுக்கு ஏற்றி, ஸ்பார்க் பிளக்குக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னட்டோக்களையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். சுற்று 125க்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 50க்குள் இருக்க வேண்டும். ஒரு காலை, சாவியைத் திருப்பியதும் பாதத்தில் ஒரு நொண்டல் தெரிந்தது. முள்ளைப் பார்க்கும் முன்பே கையைத் தூக்கிவிட்டேன். சுற்று 200க்குக் கிட்டே குறைந்திருந்தது. ஸ்பார்க் பிளக்கில் கரி. டீச்சர் தன் காலணியைக் குனிந்து பார்த்தார், அரை அங்குல ரப்பர்.

ஆனால் எல்லாம் அதிர்வில் தெரிந்துவிடும் என்று பெருமை பேசக்கூடாது. ஸ்டால் எச்சரிக்கை ஊதல் எனக்கு இல்லவே இல்லை. இந்த விமானத்தில் இறக்கையின் முன்விளிம்பில் ஒரு துளை. வேகம் குறைந்து, இறக்கை காற்றைப் பிடிக்க முடியாத நிலை நெருங்கினால், அந்தத் துளை வழியாகக் காற்று இழுக்கப்பட்டு, நாதஸ்வரச் சீவாளி மாதிரி ஒரு சின்ன நாக்கு பீப்பீ என்று ஊதும். மின்சாரம்கூட வேண்டாத அழகான ஏற்பாடு, எனக்குத்தான் பயன் இல்லை. அதனால் ஊதலுக்கு அப்புறம் வருவதைப் படித்தேன். கைப்பிடி தொளதொளவென்று ஆகும், தயிரில் கரண்டி விட்ட மாதிரி. பிறகு வால் பக்கத்திலிருந்து ஒரு நடுக்கம் இருக்கைக்கு வரும். ஊதல் முன்கூட்டியே சொல்லும், நடுக்கம் பிந்தித்தான் சொல்லும். அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட ஒரே வழி வேகமானிதான். தரையிறங்க வரும்போது 60 நாட். அதற்குக் கீழே போனால் வேறு எதையும் யோசிக்காமல் மூக்கை இறக்குவது என்று எனக்கு நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

மற்ற விமானங்களைப் பார்க்க டேப்லட்டில் போக்குவரத்து காட்டும் செயலி உதவும். அதில் தெரியாத விமானமும் உண்டு, பழைய விமானங்கள் எந்த சிக்னலும் அனுப்பாது. கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி விளக்குக் கதை. அமெரிக்கத் தனியார் உரிமத்துக்குத் தனியாகப் பறக்கும் பாடத்தில் ஒரு விதி உண்டு. கோபுரம் உள்ள விமான நிலையத்தில் மூன்று தடவை ஏறி, மூன்று தடவை முழுசாக நின்று இறங்க வேண்டும். ரேடியோ இல்லாதவன் என்ன செய்வது? முன்கூட்டியே கோபுரத்தோடு பேசி அனுமதி வாங்கி, விளக்குத் துப்பாக்கி வழியாகச் செய்யலாம். கோபுரத்தில் துப்பாக்கி மாதிரி ஒரு விளக்கு இருக்கும். ஒரு விமானத்தை மட்டும் குறிபார்த்து ஒல்லியான ஒளிக்கற்றை அனுப்பலாம். ரேடியோ கெட்டுப்போன விமானத்துக்காக வைத்திருப்பது.

வானத்தில் இருக்கும்போது பச்சை நின்று எரிந்தால் இறங்கலாம். பச்சை மினுக்கினால் இறங்கத் திரும்பி வா. சிவப்பு நின்று எரிந்தால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. சிவப்பு மினுக்கினால் இங்கே இறங்காதே. தரையில் இருக்கும்போது அதே நிறங்களுக்கு வேறு பொருள். பச்சை நின்றால் ஏறலாம், மினுக்கினால் நகரலாம். சிவப்பு நின்றால் நில், மினுக்கினால் ஓடுபாதையை விட்டு வெளியே போ. வெள்ளை மினுக்கினால் கிளம்பிய இடத்துக்கே திரும்பு. தங்கியிருந்த வீட்டில் என்னோடு இருந்த பஞ்சாபிப் பையன் டார்ச்சில் மிட்டாய்க் காகிதத்தைச் சுற்றி, சமையலறை வாசலில் நின்று ஒரு வாரம் எனக்குப் பரீட்சை வைத்தான். ரொட்டி சுடும் நேரத்திலும் திடீரென்று சிவப்பை மினுக்குவான், நான் சமையலறையை விட்டு ஓட வேண்டும்.

டீச்சர் முந்தின நாளும் அன்று காலையும் கோபுரத்துக்கு போன் செய்து, விமானத்தின் எண், வரும் திசை, நேரம் எல்லாம் சொல்லி வைத்தார். காலை எட்டரை. நல்ல வெயில். கோபுரத்துக் கண்ணாடி முழுக்கச் சூரியன். நான் சுற்றுப்பாதையில் சேர்ந்து அந்தக் கண்ணாடியையே பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. உள்ளங்கை வியர்த்துவிட்டது. பாதிச் சுற்றில் ஊசிமுனை மாதிரி ஒரு சிவப்பு. நின்று எரிகிறது. நான் பார்த்துவிட்டேன் என்பதற்கு இறக்கையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். ஏன் சிவப்பு என்று அரை நிமிஷத்தில் தெரிந்தது. எனக்குக் கீழே ஒரு சின்ன ஜெட் வழுக்கிக்கொண்டு போய் இறங்கியது. அது வந்ததே எனக்குத் தெரியாது, டேப்லட்டைப் பார்க்க மறந்திருந்தேன்.

இன்னொரு சுற்று. இந்தத் தடவை பச்சை. என்ன பச்சை! தைப்பூச ரதத்து விளக்கில்கூட நான் அப்படி ஒரு பச்சையைப் பார்த்ததில்லை. இறக்கையை ஆட்டிவிட்டு இறங்கினேன். ஒருமுறைகூடக் குதிக்கவில்லை.

அதோடு அடக்கமாக இருந்திருக்கலாம். இறங்கிய சந்தோஷத்தில், அடுத்து என்ன விளக்கு வரும் என்று பார்க்க ஓடுபாதையின் நடுவிலேயே நிறுத்திவிட்டேன். சிவப்பு படபடவென்று மினுக்கியது. சமையலறைப் பரீட்சை! எஞ்சினைக் கூட்டிக்கொண்டு பக்கப் பாதைக்கு ஓடினேன். மற்ற இரண்டு தடவையும் தகராறு இல்லை. அன்று சாயங்காலம் டீச்சர் என்னைக் காரில் அந்தக் கோபுரத்துக்கே கூட்டிப் போனார். விளக்கு பிடித்தவர் இளவயதுக்காரர். வாரக்கணக்கில் துடைத்துச் சோதித்து வைப்போமே தவிர, ஆளைப் பார்த்து அடித்தது இதுதான் முதல் தடவை என்று எழுதிக் காட்டினார். என்னைவிட அவருக்குத்தான் கை நடுங்கியதாம்.

எழுத்துத் தேர்வில் 60 கேள்வி, 70 மதிப்பெண் எடுத்தால் போதும். எஃப்ஏஏ தன் பாடப்புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஒரு வருடத்துக்கு முன்பே பினாங்கில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போனதால் எனக்குப் பணம் மிச்சமானது. செய்முறைத் தேர்வின் வாய்மொழிப் பகுதிக்கு அமெரிக்க சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவர் வந்தார். நம் மலேசிய சைகைமொழிச் சொற்கள் பலவற்றுக்கு மூலம் அமெரிக்க சைகைமொழி, விரல் எழுத்துகளும் ஒத்துப்போகும் என்பதால் முக்கால்வாசி புரிந்தது. புரியாத கால்வாசிக்குப் பலகை. பெயர்ப்பாளருக்கு விமானச் சொற்கள் தெரியாது என்பதால் முந்தின நாளே அவரோடு உட்கார்ந்து முப்பது சொல்லுக்குச் சைகை பேசி வைத்துக்கொண்டோம். அதைச் செய்யாமல் தேர்வுக்குப் போகாதீர்கள். சட்டம் 40 மணி நேரம் பறந்தால் போதும் என்கிறது, எனக்கு 71 ஆனது.

இவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள் கிளைடரைப் பார்க்கலாம். எஞ்சின் இல்லாத விமானம். அமெரிக்காவில் கிளைடர் ஓட்ட மருத்துவச் சான்றே கேட்பதில்லை. எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அங்கிருந்தே ஆரம்பித்திருப்பேன். மேகத்துக்குள் கருவியைப் பார்த்து ஓட்டும் தகுதி வரை போக நினைப்பவர்கள் ஸ்டீபன் ஹாப்சன் என்ற பெயரைத் தேடிப் படிக்கலாம். 2006இல் அந்தத் தகுதியை வாங்கிய முதல் காது கேளாத விமானி. நான் அந்தப் பக்கம் போகவில்லை. இருட்டில் சுவரைத் தடவுபவனுக்கு மேகம் எதற்கு.

இப்போது பாயான் லெப்பாசில் அதே ஷிஃப்ட். அமெரிக்க உரிமத்தைக் காட்டி இங்கே பறக்கலாமா என்று கேட்கிறார்கள். இங்கே பறக்க இங்கத்து மருத்துவச் சான்று வேண்டும், அது மறுபடியும் அந்த மருந்து அலமாரிக்கு முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்தும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சேமித்து டீச்சரிடம் போகிறேன். பத்து நாள் பறந்துவிட்டு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெர்மாத்தாங் டாமார் லாவுட்டில் ஒரு அம்மா 12 வயதுப் பையனோடு காத்திருந்தார். நான் படித்த அதே தஞ்சோங் பூங்கா பள்ளி, 1954இல் ஆரம்பித்த காது கேளாதோர் பள்ளி, அங்கே படிக்கிறான். நேற்று விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து இறங்கின, இன்று அந்தப் பக்கம் ஏறிப் போகின்றன, ஏன் என்று கையால் கேட்டான். ‘நீயே சொல்’ என்றேன். விரலை நக்கிக் காற்றில் பிடித்தான். அப்புறம் மீன்பிடிப் படகுகளின் கொடியைக் காட்டினான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவன் அம்மா போனில் தட்டி நீட்டினார். “அண்ணே, இவனுக்கு நடக்குமா?”

“காது எதனால் போச்சு?” என்று தட்டினேன்.

“ஒரு வயசில் காய்ச்சல். என்ன காய்ச்சல்னு ஞாபகம் இல்லை.”

“ஆஸ்பத்திரி சீட்டு?”

“வீட்டு அலமாரியில் எங்கேயோ இருக்கும்.”

புதன்கிழமை எனக்கு ஷிஃப்ட் இல்லை. அன்றைக்குள் அந்தச் சீட்டையும் கடைசியாக எடுத்த செவித்திறன் பரிசோதனைத் தாளையும் தேடி எடுத்து வைக்கச் சொன்னேன். பையன் எங்களைப் பார்க்கவில்லை. ஓடுபாதைப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தான்.